வலுவும் பிடிப்பும்

மோட்டார்க் கார்களின் வேகத்தைப் பற்றி இளைஞர்கள் உரையாடும் இடங்களில் எஞ்சினைப் பற்றிய பேச்சே மிகுதியாகக் கேட்கப்படுகின்றது. எத்தனை குதிரைவலு, எத்தனை சிலிண்டர் என்று வினவுவோர் பலர். அவ்வலு சில்லுகளை எவ்வழியாற் சென்றடைகின்றது, சென்றடைந்தபின் நிலத்தை எவ்வாறு பற்றுகின்றது என்று வினவுவோர் சிலரே. பிடிப்பில்லாத வலு ரயரைத் தேய்த்துப் புகையை எழுப்புமேயன்றி வண்டியை முன்செலுத்தாது. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்கள் அமெரிக்க நாட்டு நேரோட்டப் பந்தயக்காரர்கள். அவர்கள் தம் கார்களின் பின்னச்சில் உள்ள டிபரென்சல் என்னும் உறுப்பைத் திருத்தியமைப்பதிற் காட்டும் கவனம் நாம் கற்றுக்கொள்ளத் தக்கது. அத்திருத்தத்தை அதன் காரணம் அறியாது நம் வீதிகளிலோடும் கார்களுக்குச் செய்து பார்க்கும் ஆசையோ தடுக்கத் தக்கது. இவ்விரண்டையும் மாணவர்க்கு உணர்த்த வேண்டிய இடம் கராச்சன்று, கல்லூரியே என்பது எமது கருத்து.

டிறாக் ஓட்டம் எனப்படும் அப்பந்தயம் மிக எளிய அமைப்பினது. இரண்டு கார்கள் அருகருகே நின்று, விளக்கு மாறியதும் புறப்பட்டு, நேரான தடத்திலே கால் மைலை, அதாவது 1,320 அடியை, முதலிற் கடப்பது எதுவெனப் பார்ப்பதே அது. வீதிகளிற் கட்டுப்பாடின்றி நடந்த ஓட்டங்களை ஒழுங்குக்குட் கொணரும் நோக்கத்துடன் உவாலி பார்க்ஸ் என்பார் 1951ஆம் ஆண்டிலே அங்கு ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் விதிகள் இன்று பல இடங்களிற் பின்பற்றப்படுகின்றன. மிக வலிய வகுப்புக் கார்களுக்கு மட்டும், 2008ஆம் ஆண்டில் நேர்ந்த ஓர் உயிரிழப்பின் பின்னர், தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. 10,000 குதிரைவலுவுக்கு மேற்பட்ட அக்கார்கள் அத்தூரத்தை நான்கு செக்கனுக்குட் கடக்கின்றன. இப்பந்தயங்களில் முதல் 60 அடியைக் கடந்த நேரம் தனியே குறிக்கப்படுகின்றது. புறப்பாட்டிலே சில்லுகள் வீணே சுழன்று இழந்த நேரத்தைப் பின்னர் மீட்டல் அரிதாதலின், பந்தயக்காரர் அவ்வெண்ணையே முதலில் நோக்குவர்.

இனி, டிபரென்சல் என்பது யாது, அது கார்களுக்கு வேண்டப்படுவது ஏன் என்பதை நோக்குவோம். மாட்டு வண்டிக்கு அது வேண்டுவதில்லை. வண்டியை இழுப்பவை மாடுகள். சில்லுகள் இரண்டும் அச்சிலே தத்தமக்கு ஏற்ற வேகத்திற் சுயேச்சையாக உருள்கின்றன. காரிலோ இழுக்கும் தொழிலைச் சில்லுகளே செய்ய வேண்டியிருக்கின்றது. ஒரே தண்டில் இரு சில்லுகளையும் அசையாமற் பூட்டி எஞ்சினாற் சுழற்றின், நேர்வழியில் இடரில்லை. வளைவில் இடர் தோன்றும். வெளிப்புறச் சில்லு நீண்ட வட்டத்திலும் உட்புறச் சில்லு குறுகிய வட்டத்திலும் செல்ல வேண்டும். சில்லுகளுக்கிடையே 1.5 மீற்றர் இடைவெளியுள்ள கார் ஒன்று சந்தியிலே செங்கோணமாகத் திரும்புமாயின், வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ 2.36 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வேறுபாடு மாறாதென்பதைக் கணித மாணவர் எளிதில் நிறுவிக் காட்டலாம். காரின் சில்லு ஒரு முறை சுழலும்போது கடக்கும் தூரம் ஏறத்தாழ 2 மீற்றராதலின், ஒவ்வொரு சந்தியிலும் வெளிச்சில்லு உட்சில்லைவிட ஒரு முழுச் சுற்றுக்கு மேலே சுழல வேண்டியதாகின்றது. இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பின் ஏதேனும் ஒரு ரயர் நிலத்தில் அரைபட்டே தீரும்.

இவ்விடரைத் தீர்க்கும் பற்சில்லுத் தொகுதிக்கு ஒனேசிபோர் பெக்கூர் என்னும் பிரான்சியர் 1828ஆம் ஆண்டிலே, நீராவி வண்டியின் பொருட்டு, உரிமை பெற்றார். பின்னர் 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ராலி முச்சில்லு மிதிவண்டிக்கு அதனைப் பயன்படுத்தினார். மோட்டார்க் கார் தோன்றுவதற்கு முன்னரே அதன் டிபரென்சல் தோன்றிவிட்டதென்பது வியப்புக்குரியது.

அதன் தொழிலை விளக்கக் காவுதடி ஒன்றே போதும். ஒரு தடியின் இரு முனைகளிலும் இரண்டு வாளிகளைத் தொங்கவிட்டு, நடுவிலே ஒரு விரலாற் பிடித்துத் தூக்குவதாகக் கொள்க. வாளிகள் சமபாரமுடையனவாயின் இரண்டும் ஒருங்கே எழும். ஒன்று வெறுமையாகவும் மற்றது நிறைந்தும் இருப்பின், வெறுவாளி மேலே எழ, நிறைவாளி நிலத்தைவிட்டு அசையாது. தடி நடுவிலே தாங்கப்பட்டிருப்பதனால், இலேசான முனை எவ்வளவு பாரத்தை ஏற்கின்றதோ அவ்வளவே மறுமுனைக்கும் கிட்டும். டிபரென்சலின் நடுவிலுள்ள சிறு பற்சில்லு அத்தடி போன்றது. இரு பக்கத்து அச்சுத்தண்டுகளும் அவ்வாளிகள் போன்றன. ஒரு சில்லு சேற்றிலே நிற்க, மறு சில்லு கல்லிலே நிற்பினும், கல்லிலே நிற்கும் சில்லுக்குச் சேற்றுச் சில்லு ஏற்ற அளவேயன்றி அதற்கு மேற்பட்ட முறுக்கம் செல்லாது.

ஈண்டு ஒரு சொற்பிழையைச் சுட்டுதல் தமிழாசிரியராகிய எமது கடமை. “வழுக்கும் சில்லுக்கே சக்தி முழுவதும் போய்விடுகின்றது, மற்றச் சில்லுக்கு ஒன்றும் போவதில்லை” என்று பலரும் கூறுவர். காட்சிக்கு அவ்வாறு தோன்றினும் கூற்றுச் சரியன்று. திருப்பும் ஆற்றலாகிய முறுக்கம் இரு சில்லுகளுக்கும் சமமாகவே பிரிகின்றது. வேகம் மாத்திரமே வழுக்கும் சில்லுக்குச் செல்கின்றது. வழுக்கும் சில்லால் ஏற்க முடிந்த முறுக்கம் சிறிதாதலின், நல்ல நிலத்தில் நிற்கும் சில்லும் அச்சிறிதளவையே பெற்று அசையாது நிற்கின்றது. முதற் கூற்றை நம்பியவன் வழுக்கும் சில்லைப் பழிப்பான். இரண்டாவது கூற்றை உணர்ந்தவன் இரண்டையும் இணைக்கும் முறையை ஆராய்வான். ஒரு வாக்கியத்தின் திருத்தம் ஓர் எந்திரத்தின் திருத்தத்துக்கு வழிகாட்டுகின்றது. விஞ்ஞானம் கற்பிப்போர் மொழித்திட்பத்திலே கருத்தூன்ற வேண்டுமென்று நாம் அடிக்கடி வற்புறுத்துவது இதன்பொருட்டே.

நேரோட்டப் பந்தயத்திலே சாதாரண டிபரென்சல் தோல்வியடைவது ஏன்? கார் வேகமாகப் புறப்படும்போது பாரம் பின்புறமாகச் சாய்கின்றது. ஆதலிற் பின்சில்லுகளின் பிடிப்பு மிகுகின்றது. ஆனால் இரண்டிலும் ஒத்த அளவிலே மிகுவதில்லை. எஞ்சினிலிருந்து பின்னச்சுக்கு வரும் நீண்ட சுழல்தண்டு தான் சுழலும்போது அச்சு முழுவதையுமே ஒரு பக்கமாகத் திருப்ப முயல்கின்றது. பழைய முறையில் ஒரே துண்டாக அமைந்த பின்னச்சுடைய கார்களில், இதனாற் பெரும்பாலும் வலப் பின்சில்லு இலேசாகின்றது. விளக்கத்தின் பொருட்டு, வலச்சில்லு 200 அலகு விசையையும் இடச்சில்லு 600 அலகு விசையையும் நிலத்திற் பற்றவல்லன எனக் கொள்வோம். சாதாரண டிபரென்சல் வழியாகக் கிடைப்பது 200உம் 200உமாக 400 அலகே. இரு சில்லுகளையும் ஒன்றாகப் பூட்டினாற் கிடைப்பது 800 அலகு. எஞ்சினில் ஓர் ஆணியையேனும் மாற்றாமல் உந்துவிசை இரட்டிக்கின்றது. பந்தயக்காரர் டிபரென்சலிற் பொருளைச் செலவிடுதலின் நியாயம் இதுவே.

அவ்வாறு பூட்டும் வழிகள் பல. போர்ஷே என்னும் பொறியியலறிஞர் வடிவமைத்த ஓட்டோ யூனியன் பந்தயக் கார்களிலே வலுமிகுதியாற் சில்லுகள் வீணே சுழல, 1935ஆம் ஆண்டில், ஜேர்மனியின் இசட். எப். நிறுவனத்தாரிடம் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரென்சல் ஒன்றை ஆக்கித் தருமாறு கேட்டனர். அமெரிக்காவிலே ஸ்ருடிபேக்கர் நிறுவனம் 1956ஆம் ஆண்டிலும் ஷெவ்றொலே நிறுவனம் அடுத்த ஆண்டிலும் அவ்வகையைப் பொதுமக்களின் கார்களிலும் பொருத்தித் தந்தன. இவற்றுட் பெருவழக்கானது கிளச்சுத் தட்டுக்களைக் கொண்டது. ஒரு சில்லு முந்தித் தனியே சுழல முயலும்போது தட்டுக்களின் உராய்வு அதனைத் தடுத்து, மறு சில்லுக்கு மேலதிக முறுக்கத்தைச் செலுத்துகின்றது. தட்டுக்கள் காலப்போக்கில் தேயும். அவற்றுக்குரிய எண்ணெயையே இடுதல் வேண்டும். இரண்டாவது வகை, தட்டுக்களின்றிப் பற்சில்லுகளின் உராய்வாலேயே இத்தொழிலைச் செய்வது. அது மென்மையாக இயங்கும். எனினும் ஒரு சில்லு நிலத்தை முற்றாக விட்டெழுந்தாற் பெரிதும் பயன்படாது. மூன்றாவது வகை லொக்கர் எனப்படும். நேர்வழியில் இரு சில்லுகளையும் முற்றாகப் பூட்டி, வளைவிலே முந்தியோடும் சில்லை மட்டும் தற்காலிகமாக விடுவிப்பது அது. நான்காவது ஸ்பூல். பெயரளவிலேனும் டிபரென்சல் இல்லாமல் இரு தண்டுகளையும் ஒரே இரும்பாக இணைத்துவிடுவது. மேற்கூறிய 10,000 குதிரைவலுக் கார்கள் ஸ்பூலையே கொண்டவை. நேரே செல்வதன்றி வேறு தொழில் அவற்றுக்கு இல்லையாதலின், வளைவுக்கான உறுப்பு அவற்றுக்கு வேண்டியதில்லை.

இவ்விடத்திலே முறைமை ஒன்றையும் கருத வேண்டும். நிலத்தைத் தொடுவது ரயரே. டிபரென்சல் இருக்கின்ற பிடிப்பை முழுமையாகப் பயன்படுத்துமேயன்றிப் புதிய பிடிப்பை ஆக்கித் தராது. ஆதலால் முதலில் ரயரும் அதன் காற்றழுத்தமும், அடுத்து டிபரென்சல், அதன்பின்னரே பற்சில்லு விகிதம் என்னும் ஒழுங்கு தக்கது. பின்னச்சின் விகிதத்தை 3.08 இலிருந்து 3.73 ஆக மாற்றினாற் சில்லை அடையும் முறுக்கம் ஏறத்தாழ 21 சதவீதம் கூடுகின்றது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் ரயருக்கு மேலும் முறுக்கத்தைச் செலுத்தி ஆவதென்ன? அன்றியும் அக்கார் அதே வேகத்திலே வீதியில் ஓடும்போது எஞ்சின் முன்னையினும் 21 சதவீதம் கூடுதலாகச் சுழலவும் எண்ணெய் விரயமாகவும் நேரிடும். முதலில் வேண்டியதை இறுதியிலும், இறுதியில் வேண்டியதை முதலிலும் செய்வோர் பொருளை இழப்பர்.

இதுகாறும் கூறியன யாவும் பந்தயத் தளத்துக்குரியன. அத்தளம் நேரானது, உலர்ந்தது, மழை பெய்தால் ஓட்டமே நிறுத்தப்படும். நம் வீதிகளோ அத்தகையன அல்ல. மாரிகாலத்து நீர் தேங்கிய வீதி, மணல் படிந்த ஓரம், ஒழுங்கைகளின் சடுதியான முடக்குக்கள், எதிரே வரும் சைக்கிள்கள், ஆடுமாடுகள் ஆகியவற்றுக்கிடையிலே நம் கார்கள் ஓடுகின்றன. இரு பின்சில்லுகளும் பூட்டப்பட்ட கார் முடக்கிலே திரும்ப மறுத்து நேரே செல்ல முனையும். ஓட்டுபவன் சுக்கானை மேலும் திருப்பி வேகத்தையும் கூட்டினால், இரு பின்சில்லுகளும் ஒருங்கே பிடியிழந்து, காரின் பின்புறம் திடீரெனச் சுழன்றெறியும். சாதாரண டிபரென்சல் உள்ள காரிலே ஒரு சில்லு வழுக்கினாலும் மறு சில்லு உருண்டுகொண்டே பக்கவாட்டுப் பிடிப்பை ஓரளவு காக்கும். அக்காவலையே பூட்டுகின்றவன் கைவிடுகின்றான்.

நம் நாட்டில் இன்று ஓடும் சிறிய யப்பானியக் கார்களிற் பெரும்பாலானவை முன்சில்லுகளால் இழுக்கப்படுபவை என்பதும் நினைக்கத் தக்கது. அவற்றின் டிபரென்சல் கியர்ப் பெட்டியினுள்ளேயே அடங்கியது. அதனைப் பூட்டினால், திரும்ப வேண்டிய சில்லுகளே திரும்ப முடியாதனவாகிச் சுக்கான் கையோடு மல்லுக்கட்டும். பணச்செலவை அஞ்சி உள்ளிருக்கும் சிறு பற்சில்லுகளை ஒட்டிவிடுவது இன்னும் கொடிது. நிறைவாளி முழுவதையும் தடியின் ஒரு பாதியே தாங்க நேர்ந்தால் அப்பாதி முறிவது போல, பிடிப்புள்ள சில்லின் அச்சுத்தண்டு முறுக்கம் முழுவதையும் தனித்துத் தாங்க நேர்ந்து முறியலாம். ஒட்டிய இடமே உடைந்து துண்டுகள் பற்களிடையே சிக்கலாம். இத்தகைய வேலையின் கேடு ஓட்டுபவனோடு நின்றுவிடுவதன்று. வீதியோரத்தில் நடந்து செல்லும் பள்ளிச் சிறுவனுக்கும் அதிற் பங்குண்டு.

பூட்டுதல் தீது, பூட்டாமை நன்று என்று நாம் பொதுப்படக் கூறவில்லை. எது எங்கே ஏற்றது என்பதை நம் கமக்காரர் நன்கறிவர். உழவு யந்திரத்தின் டிபரென்சலைப் பூட்டுவதற்குக் காலடியிலே தனியான மிதியொன்றுண்டு. வயலில் ஒரு சில்லு சேற்றிற் புதைந்து வீணே சுழலும்போது அதனை மிதித்து இரு சில்லுகளையும் பூட்டி வெளியேறுவர். வரம்பருகே திரும்புமுன் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவர். லாண்ட்மாஸ்ரர் என வழங்கும் இருசில்லு யந்திரத்தையோவெனின், கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்தி ஒரு பக்கச் சில்லை விடுவித்தே திருப்புவர். அவர்களுள் எத்தனையோ பேர் முறுக்கம் என்னும் சொல்லையும் கேட்டறியார். எனினும் சேற்றுக்குப் பூட்டும் திருப்பத்துக்கு விடுவிப்பும் வேண்டுமென்னும் அறிவு அவர்தம் காலிலும் கையிலும் உண்டு. அமெரிக்கப் பந்தயக்காரன் ஸ்பூலைப் பொருத்துவதும் வன்னிக் கமக்காரன் மிதியை மிதிப்பதும் ஒரே அறிவின் இரு செயல்கள். அவற்றைக் கண்டு, தன் வீதிக் காரிலே நிரந்தரமாகப் பூட்டிடும் இளைஞனிடத்தில் இல்லாதது அவ்வறிவே.

இதற்கு மறுப்புரைப்போர் இருவகையினர். ஒருசாரார், “இவை வீண் விளையாட்டுக்கள், மாணவர்க்கு இவற்றைக் கூறுவதே அவர்களைத் தூண்டுவதாகும்” என்பர். கூறாதுவிடினும் இளைஞர் அறியவே போகின்றனர். கைத்தொலைபேசியிலே படமாகக் காண்கின்றனர். படத்தில் வேகம் தெரியும். தடத்தின் உலர்வும் அச்சின் உறுதியும் கண்காணிப்பும் விதியும் தெரியா. பொது வீதிகளில் நடந்த ஆபத்தான ஓட்டங்களை அமெரிக்காவிலே தணித்தது வெறுந் தடையன்று, முறையான தளமும் விதியும் அறிவும் என்பதை முன்னர்க் கண்டோம். மற்றொருசாரார், “இது பற்றி மெக்கானிக்குமார் அறிவர், கல்லூரிக்கு இதில் என்ன வேலை?” என்பர். நல்ல மெக்கானிக் கையால் அறிந்ததைப் பாடப்புத்தகம் சொல்லாலே கூறுகின்றது. இரண்டும் ஒருவனிடத்தே சந்திக்கும் இடமாகக் கல்லூரி அமையாவிடின், கையறிவுடையவன் காரணம் கூற மாட்டாதவனாகவும், காரணம் படித்தவன் ஆணியொன்றைக் கழற்ற மாட்டாதவனாகவும் பிரிந்தே நிற்பர். உராய்வு, திருப்பம், கோணவேகம் ஆகியவற்றைத் தமிழிலேயே கற்றுப் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெறும் மாணவன், தந்தையின் வான் சேற்றிலே புதைந்து நிற்கும்போது அதன் ஒரு சில்லு மட்டும் சுழல்வது ஏனென்று கூற முடியாது விழிப்பானாயின், அக்கல்வியின் பிடிப்பு எங்கே என்று நாம் கேட்க வேண்டியவராகின்றோம். எஞ்சினைப் போல அவன் மூளை சுழல்கின்றது. நிலத்தை அது தொடவில்லை.

ஜூபிலி ஆண்டுகளிலே கட்டடங்களைப் பற்றியும் மண்டபங்களைப் பற்றியும் பேசுதல் வழக்கம். அவை வேண்டியனவே. அவற்றோடு ஒரு சிறு வேண்டுகோளையும் பழைய மாணவர் முன்னிலையில் வைக்கின்றோம். அவர்களுட் கராச் நடத்துவோரும் பொறியியலாளரும் வாகன உதிரிப்பாகம் விற்போரும் பலருளர். பயன்பாடு கழிந்த பின்னச்சு ஒன்றை, மேல் உறையின் ஒரு பகுதியை வெட்டி நீக்கி, பழைய எண்ணெயைத் துடைத்து, உறுதியான மரத்தாங்கியொன்றிற் பொருத்தி, விஞ்ஞான கூடத்துக்கு வழங்குவார்களாக. மாணவன் ஒருவன் ஒரு சில்லை இடக்கையாற் பிடித்து நிறுத்தி, நடுத்தண்டை வலக்கையாற் சுழற்றும்போது மறு சில்லு இருமடங்கு விரைவாகச் சுழல்வதைக் காண்பான். பக்கம் பக்கமாகப் படித்தும் புலப்படாதது ஒரு நிமிடத்தில் அவனுக்குப் புலப்படும். அதனைத் தன் சொற்களிலே பிழையின்றி எழுதுவிக்கும் பொறுப்பைத் தமிழ் வகுப்பு ஏற்றுக்கொள்ளும்.

அவ்வாறு கற்றவன் பிற்காலத்திற் பந்தய ஆர்வம் கொள்வானாயின், உரிய தளத்தில், உரிய காரில், உரிய டிபரென்சலோடு ஓடுவான். ஓடி வெல்லினும் மகிழ்வோம். பொது வீதியிலே தன் காருக்கு எது வேண்டாமென்பதையும் அவன் அறிந்திருப்பான். அவ்வறிவினால் முடக்கொன்றிலே ஓர் உயிரேனும் காக்கப்படுமாயின், ஒரு பழைய பின்னச்சுக்கு அதனினும் உயர்ந்த பயன் வேறில்லை. வழங்கும் வசதியுள்ள அன்பர்கள் கல்லூரி விஞ்ஞான ஆசிரியர்களோடு தொடர்புகொண்டு, இவ்வாண்டு முடிவதற்குள் இதனை நிறைவேற்றித் தருவார்களென நம்புகின்றோம்.